நான்காம் பாகம் கார்ட்டூனாக வந்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த விடுமுறையில் என் மகள் (9 வயது) அருங்காட்சியகத்தின் சிலைகளும் எலும்புக்கூடுகளும் இரவில் உயிர்பெறும் ‘நைட் அட் த மியூசியம்’ படங்கள் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தாள். நான்காவதும் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆசையாகப் போட்டோம். அது கார்ட்டூன். இருபது நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். கேட்டால் “இது அவங்க இல்லப்பா” என்கிறாள். ஆனால் இதே பெண் ஜுராசிக் வேர்ல்டின் கார்ட்டூன் தொடரைச் சாப்பாட்டை மறந்து பார்க்கிறாள். அதிலும்தான் படத்தில் வந்த நடிகர்கள் இல்லை.

நன்றாக ஓடிய படங்களுக்கு ஏன் திடீரென்று கார்ட்டூனில் அடுத்த பாகம் எடுக்கிறார்கள்? செலவு குறைவு என்பதாலா? ஒன்று பிடித்து இன்னொன்று பிடிக்காமல் போவது ஏன்? போடுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் மகள் சொன்னது துல்லியமான விமர்சனம். 2022 டிசம்பரில் தியேட்டருக்கு வராமல் நேராக டிஸ்னி ப்ளஸ்ஸில் வந்த ‘கமுன்ரா ரைசஸ் அகெய்ன்’ படத்தில் “அவங்க” இல்லைதான். காவலர் லாரிக்கு பென் ஸ்டில்லர் பேசவில்லை, ஸக்கரி லீவை பேசுகிறார். குட்டி கௌபாய் ஜெடடையா ஓவன் வில்சனிடமிருந்து ஸ்டீவ் ஸானுக்கும், ரோமானிய ஆக்டேவியஸ் ஸ்டீவ் கூகனிடமிருந்து ஜாக் வைட்ஹாலுக்கும், வில்லன் கமுன்ரா ஹாங்க் அஸாரியாவிடமிருந்து ஜோசப் கமாலுக்கும் கைமாறியிருக்கிறார்கள். டெடி ரூஸ்வெல்ட்டாக நடித்த ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் மறைந்துவிட்டார். மூன்றாம் படமே அதற்குப் பிறகு, அந்த டிசம்பரில்தான் வெளியானது. அவருடைய பாத்திரத்துக்கு இப்போது குரல் கொடுப்பவர் தாமஸ் லெனன், முதல் இரண்டு படங்களின் திரைக்கதையாளர்களில் ஒருவர்.

ஆனால் ஆள் மாறியதுதான் காரணம் என்றால் ஜுராசிக் தொடரும் அவளுக்குப் பிடித்திருக்கக் கூடாது. காரணம் வேறு. அதற்கு முன் உங்கள் முதல் இரண்டு கேள்விகள்.

ஏன் எடுக்கிறார்கள் என்பதற்குப் பதில் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 2006-இல் வந்த முதல் படம் உலகம் முழுக்கச் சுமார் 57 கோடி டாலர் வசூலித்தது. 2009-இல் வந்த இரண்டாவது 41 கோடி, மூன்றாவது 36 கோடி. தயாரிப்புச் செலவோ ஒவ்வொன்றுக்கும் 10 கோடி டாலருக்கு மேல். இந்தச் சரிவில் நான்காவதாக இன்னொரு தியேட்டர் படத்துக்கு யாரும் பணம் போட மாட்டார்கள். ஆனால் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. 2019 மார்ச்சில் இந்தப் படங்களை எடுத்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் சொத்துகளை டிஸ்னி வாங்கியபோது இந்தப் பெயரும் சேர்ந்து வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் ஐகர், ‘ஹோம் அலோன்’, ‘டயரி ஆஃப் எ விம்பி கிட்’ போன்றவற்றோடு இதையும் ஸ்ட்ரீமிங்குக்காகப் புதிதாக எடுக்கப்போவதாக அறிவித்தார். சந்தா கட்டும் வீட்டில் குழந்தை ரிமோட்டைப் பிடித்து உருட்டும்போது தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வயதுப் பிரச்சினையும் உண்டு. லாரியின் மகன் நிக் முதல் இரண்டு படங்களில் ஒரு பையன், மூன்றாவதில் வேறு பையன். நடிகர்கள் வளர்கிறார்கள், சம்பளம் ஏறுகிறது, சிலர் இறந்துபோகிறார்கள். வரைந்த முகத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

செலவுக்கு வருவோம். அனிமேஷன் என்றாலே மலிவு என்று நினைப்பது தவறு. எவ்வளவு அவசரப்படுத்துகிறோமோ அவ்வளவு மலிவு, அதுதான் உண்மை. 80 நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4,800 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம், ஆக 1,15,200 ஃபிரேம். தியேட்டருக்கான பெரிய படத்தில் ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு ஏறக்குறைய 4 விநாடிதான் முடிப்பார். அந்த வேகத்தில் 30 பேர் உட்கார்ந்தால் 40 வாரம். டிவி, ஸ்ட்ரீமிங் வேலையில் அதே ஆளிடம் வாரத்துக்கு 20, 25 விநாடி கேட்பார்கள். அதே 30 பேர், ஏழு வாரத்தில் முடிந்துவிடும். கதை எழுதுவது, காட்சிகளைப் படம் படமாக வரையும் ஸ்டோரிபோர்டு, மாடல் செய்வது, ஒளியமைப்பு எல்லாம் இதில் சேராது; அசைவு ஒன்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு.

மிச்சம் பிடித்த 33 வாரம் திரையில் எங்கே தெரியும்? முதலில் போவது தொடுதல். ஒருவர் இன்னொருவர் தோளில் கை போடுவது, கட்டிப்பிடிப்பது, குவளையை எடுத்துக் குடித்துவிட்டு வைப்பது, இவையெல்லாம் விரல் விரலாகச் சரிசெய்ய வேண்டிய ஷாட்கள். கொஞ்சம் பிசகினாலும் கை சட்டைக்குள் புகுந்துவிடும். அதனால் பாத்திரங்கள் ஒருவரையொருவர் தொடாமல் எதிரெதிரே நின்று பேசுவார்கள். அடுத்தது மௌனம். உடம்பை அசைப்பதைவிட வாயை அசைப்பது சுலபம் என்பதால் ஒருவர் திகைத்து நிற்க வேண்டிய இடத்தில் வசனம் வந்து உட்காரும். மூன்றாவது கூட்டம். நிஜ நடிகர்களை வைத்து எடுக்கும் லைவ்-ஆக்‌ஷன் படத்தில் நூறு ரோமானிய வீரர்கள் வேண்டுமென்றால் துணை நடிகர்களைக் கூப்பிட்டுக் கவசத்தை வாடகைக்கு எடுத்து மாட்டிவிடலாம். அனிமேஷனில் தொப்பி முதல் செருப்பு வரை யாராவது உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. இரண்டு மூன்று உடம்புகளைச் செய்து நிறத்தையும் மீசையையும் மாற்றி ஒப்பேற்றுவார்கள். காலம் காலமாக எல்லா நாட்டு ஆட்களும் ஒரே கட்டடத்துக்குள் ஓடித் திரிய வேண்டிய கதைக்கு இதைவிட மோசமான வில்லன் கிடையாது.

நகைச்சுவையும் இதனால்தான் அடிவாங்குகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும்போது ஒரே வசனத்தைப் பல டேக் எடுத்து, தானாக வந்து விழுந்த உளறலையும் வைத்துக்கொண்டு, எடிட்டிங் மேசையில் சிரிப்பைக் கண்டுபிடிக்கலாம். அனிமேஷனில் வரிசை தலைகீழ். முதலில் குரல், அதுவும் பெரும்பாலும் ஒவ்வொருவராகத் தனித்தனியே பேசிய குரல். அதை ஸ்டோரிபோர்டின் மேல் ஒட்டி ‘அனிமேட்டிக்’ என்ற கச்சா வடிவத்தைச் செய்வார்கள். எந்த இடத்தில் எத்தனை ஃபிரேம் நிறுத்தம் என்பது அங்கேயே முடிவாகிவிடும். பிறகு சிரிப்பு வரவில்லை என்று தெரிந்தால் திருப்பி எடுக்கக் காசு இருக்காது.

இதையே பலமாக மாற்றியவர்களும் உண்டு. 2008 ஆகஸ்டில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: த க்ளோன் வார்ஸ்’ படம் டிவி தொடருக்காகச் செய்த அத்தியாயங்களைக் கோத்து எடுத்தது. அந்த பட்ஜெட்டில் காற்றில் பறக்கும் முடியும் மடிப்பு விழும் அங்கியும் நடக்காத காரியம். அதனால் இயக்குநர் டேவ் ஃபிலோனியின் குழு பாத்திரங்களை மரத்தில் செதுக்கிய பொம்மைகள் மாதிரியே வடிவமைத்தது. ஒபி-வான் கெனோபியின் தாடியைப் பாருங்கள், உளியால் வெட்டிய கட்டை. முதல் பத்து நிமிடம் உறுத்தும், பிறகு அந்த உலகத்தின் இயல்பாகிவிடும். நடிகரின் முகத்தை அச்சாகக் கொண்டுவர முயன்றிருந்தால் கடைசிவரை உறுத்தியிருக்கும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, அதாவது உங்கள் மகளின் கேள்வி.

முதல் படத்தில் லாரி முதல் இரவு வேலைக்கு வந்து, டைனோசர் எலும்புக்கூடு நின்ற மேடை காலியாக இருப்பதைப் பார்க்கிறான். தேடிப் போனால் அந்த டி-ரெக்ஸ் கூடத்தின் ஓரத்தில் குனிந்து, ஆட்கள் குடிக்கிற குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. தொண்டையே இல்லாத பிராணிக்குத் தாகம்! அவன் பதறி ஒளிந்துகொண்டு, பழைய காவலர்கள் தந்துவிட்டுப் போன குறிப்பேட்டைப் புரட்டினால் முதல் வரி, எலும்பை வீசு என்கிறது. வீசினால் நாய்க்குட்டி மாதிரி வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது. இந்தக் காட்சி ஏன் வேலை செய்கிறது? அருங்காட்சியகத்தின் வெளிப்புறம் மட்டும்தான் நியூயார்க்கில் இருப்பது, உள்ளே நாம் பார்ப்பது கனடாவின் பர்னபியில் போட்ட செட். இருந்தாலும் தரை தரைதான், குழாய் குழாய்தான், பயப்படுகிறவன் ரத்தமும் சதையுமான மனிதன். அந்த நிஜத்துக்கு நடுவே நடக்கக்கூடாத ஒரே ஒரு விஷயம் நடக்கிறது. கணினியில் செய்த எலும்புக்கு உயிர் கொடுப்பது ஸ்டில்லரின் முகம்.

இப்போது காவலனையும் வரையுங்கள், தரையையும் குழாயையும் வரையுங்கள். எலும்புக்கூடு எழுந்து நடந்தால் என்ன? எல்லாமே வரைந்தவை, எல்லாமே அசைபவை. கார்ட்டூனில் நாற்காலி எழுந்து பாட்டுப் பாடினாலும் ஒன்பது வயதுக் குழந்தை புருவம் தூக்காது. இந்தப் படங்களின் ஒரே மாயம் ‘உயிரற்றது எழுகிறது’ என்பதுதான். அனிமேஷனில் உயிரற்றது என்று எதுவும் இல்லை. எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும், ஸ்டில்லரே வந்து பேசியிருந்தாலும் இந்த ஓட்டையை அடைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். நிக்கைக் காவலனாக்கியது, அப்பாவை டோக்கியோவுக்கு அனுப்பியது எல்லாம் நல்ல முடிவுகள்தான். அஸ்திவாரம் வேறு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் மகள் பார்க்கிற ஜுராசிக் வேர்ல்டின் ‘கேம்ப் க்ரெடேஷியஸ்’ தொடருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் டைனோசர் உயிருள்ள மிருகம். அது எழுந்து நடப்பதல்ல ஆச்சரியம், துரத்துவதுதான் பயம். துரத்தலை வரைந்தாலும் பயம் குறையாது. கதையை வைத்த இடமும் கெட்டிக்காரத்தனம். 2015-இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ படத்தில் இண்டாமினஸ் ரெக்ஸ் என்ற டைனோசர் தப்பிக்கிறதே, அதே சமயம் அதே தீவின் இன்னொரு மூலையில் முகாமுக்கு வந்த ஆறு பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தின் நாயகர்களுக்கு இவர்கள் இருப்பதே தெரியாது. ஆகவே “அவங்க எங்கே?” என்ற கேள்வி எழ வழியே இல்லை. படத்தில் இல்லாதவர்கள் என்பதால் யார் பிழைப்பார்கள் என்றும் நமக்குத் தெரியாது. முதல் பருவம் எட்டே அத்தியாயம், எட்டாவதில் ஒரு பையன் மோனோரயிலிலிருந்து விழுந்தே விடுகிறான்.

க்ளோன் வார்ஸும் இதே உத்தியைத்தான் கையாண்டது. 2002, 2005 ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு இடையில் நடக்கிற கதை அது. நாயகன் அனகின் என்ன ஆவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுக்குச் சிஷ்யையாக அசோகா என்ற சிறுமியைக் கொண்டுவந்தார்கள். 2005 படத்தில் அவள் பெயரே இல்லை. அப்படியானால் அவளுக்கு என்ன ஆயிற்று? தொடரை ஓட்டியது அந்தக் கேள்விதான்.

தொடருக்குப் பொருளாதார லாபமும் உண்டு. ஒரு மாடலுக்குள் எலும்பும் மூட்டும் வைத்து அசையும்படி செய்வதை ரிக் என்பார்கள். நல்ல டைனோசர் ரிக் ஒன்றைச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். கேம்ப் க்ரெடேஷியஸ் 2020 முதல் 2022 வரை ஐந்து பருவம், 49 அத்தியாயம் ஓடியது. ஒரு முறை செய்த ரிக் அத்தனையிலும் உழைக்கும். 80 நிமிடத் தனிப்படத்துக்குச் செய்தது அதோடு சரி. நம் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக அண்டா வாங்குவதும், வாடகைப் பாத்திரக் கடைக்காரர் அதே அண்டாவை வாங்குவதும் ஒன்றா? அதனால்தான் தொடரின் பாத்திரங்களில் கூடுதல் கவனம் தெரிகிறது. பம்ப்பி என்ற அன்கிலோசாரஸ் குட்டியின் கொம்புகள் ஒரே மட்டத்தில் இருக்காது. அது வளர்ந்து கூட்டத்தோடு நின்றாலும் குழந்தை அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010-இல் ஹரி இயக்கிய ‘சிங்கம்’, 2011-இல் இந்தியில் ரோஹித் ஷெட்டியின் ‘சிங்கம்’ ஆனது. அது 2018-இல் டிஸ்கவரி கிட்ஸில் ‘லிட்டில் சிங்கம்’ என்ற கார்ட்டூனாகித் தமிழ் பேசிக்கொண்டு திரும்பி வந்தது. அங்கே அஜய் தேவ்கனை வரையவே இல்லை. சின்னப் பையனுக்குப் போலீஸ் சட்டையை மாட்டி, பெயரையும் மிடுக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பிட ஆளே இல்லாமல் செய்வது பழைய, பத்திரமான வழி. (சூர்யாவை வரைந்திருந்தால் நம் பிள்ளைகள் மீசையிலேயே குறை கண்டுபிடித்திருப்பார்கள்.)

முன்கூட்டியே கண்டுபிடிக்க, இரண்டு நிமிட டிரைலரை ஒலி இல்லாமல் ஓடவிடுங்கள். பாத்திரங்கள் எதையாவது தொடுகிறார்களா, தூக்குகிறார்களா, அல்லது இடுப்பளவு ஷாட்டில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு கதைச் சுருக்கத்தில் நாயகன் யார் என்று பாருங்கள். பழைய நாயகனே புதுக் குரலில் என்றால் குழந்தை முதல் காட்சியிலேயே ஒப்பிடத் தொடங்கிவிடும். புது ஆள், அதுவும் பழைய கதைக்குப் பக்கவாட்டில் என்றால் வாய்ப்பு அதிகம். கடைசியாக, பழைய படத்தில் எது ஆச்சரியப்படுத்தியது என்று யோசியுங்கள். நிஜ உலகத்துக்குள் நுழைந்த பொய்தான் என்றால் கார்ட்டூனில் அது செத்துவிடும்.

தமிழ் டப்பிங்கில் பார்க்கிற குழந்தைக்குக் குரல் மாற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்டில்லரின் சொந்தக் குரலை அது கேட்டதே கிடையாது. அதோடு டிவி தரத்துக் கார்ட்டூன்களில் வாய்க்குப் பெரும்பாலும் எட்டு, ஒன்பது வடிவம்தான். ‘ப’, ‘ம’ வரும்போது உதடு மூடுவதையும் பேச்சு தொடங்கி முடியும் இடத்தையும் பொருத்திவிட்டால் தமிழ் நன்றாக உட்காரும். நிஜ நடிகரின் வாயில் உட்காருவதைவிடச் சுலபமாகவே.

கேம்ப் க்ரெடேஷியஸை முடித்துவிட்டால் அடுத்து 2008 க்ளோன் வார்ஸைக் கொடுக்கலாம். ஜப்பா என்ற கடத்தல் தலைவனின் குழந்தையை மீட்கிற கதை, ஒன்பது வயதுக்கு ஏற்றது. 2002 படத்தை முதலில் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யார் யாரோடு சண்டை என்றே புரியாது. அதே பிள்ளைகள் ஆறு வருடம் கழித்து வருகிற ‘கேயாஸ் தியரி’யை (2024) இப்போதே கேட்பாள். அதை ஓரிரு வருடம் தள்ளிப்போடுங்கள். அவளுக்குப் பழகிய ஆறு பேரில் ஒருத்தி இறந்துவிட்டாள் என்று நம்பி மற்றவர்கள் துக்கத்தில் இருப்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது.