யோசனைக்கு யார் கூலி கொடுப்பது?

வணக்கம் ஐயா,

மலேசியாவில் குளுவாங்கை அடுத்த ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உதவி நிர்வாகியாக இருக்கிறேன். வேலையில் புதிய வழிமுறைகளைக் கண்டறிந்து அனுப்புமாறு தலைமையகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அலுவலக வாசலில் யோசனைப் பெட்டி வைத்தோம். சிறந்த யோசனைக்குப் பரிசுத்தொகையும் அறிவித்தோம். ஒரு தாள்கூட விழவில்லை. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் இடத்தில், கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நம் தொழிலாளர்களுக்குப் புதிதாக யோசிக்கும் பழக்கமே இல்லையோ என்று சலிப்பாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

சு.

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் சலிப்பு புரிகிறது; ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தோட்டத்தில் யோசனைக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா ஒருவரைப் பார்த்தேன். காலி உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, கணவர் குலையை வெட்டுவதற்கு முன்பே மரத்தடியில் விரித்துவிடுவார். குலை விழுந்ததும் சிதறும் பழங்களில் பெரும்பகுதி சாக்கின்மேல் தங்கிவிடும். முனைகளைப் பிடித்துத் தூக்கினால் போதும், மண்ணும் சருகும் சேர்வதில்லை. நன்கு பழுத்து உதிரும் பழத்தில்தான் எண்ணெய் அதிகம் என்பதும், மண் கலந்த பழத்தை ஆலைக்காரர்கள் விரும்புவதில்லை என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டோரிடம், அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம், இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னா, எல்லாரும் இப்படியே செய்யுங்கன்னு சொல்லித் தினக் கணக்கைக் கூட்டிருவாங்க ஐயா" என்றார்.

உங்கள் பெட்டி காலியாகக் கிடப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் கேட்டதில்லை. குலை வெட்டுபவருக்குக் கூலி பெரும்பாலும் வெட்டிய அளவைப் பொறுத்தது. புதிய கருவியைப் பிடித்துப் பார்ப்பதோ, வேறு வரிசையில் மரங்களைச் சுற்றிவருவதோ முதல் சில நாள்களில் வேகத்தைக் குறைக்கும். அந்தக் குறைவு முழுவதும் அவருடைய சம்பளத்தில்தான் விழும். முயற்சி பலித்தாலோ இலக்கு உயரும், அல்லது இரண்டு பேர் செய்த வேலைக்கு ஒருவர் போதும் என்றாகிவிடும். தோற்றால் நட்டம் தனக்கு, வென்றால் ஆதாயம் நிர்வாகத்துக்கு என்றிருக்கும் இடத்தில் வாய்மூடி இருப்பவரைச் சிந்தனையற்றவர் என்று சொல்வது நியாயமில்லை. ஆகவே, முயன்று பார்க்கும் நாள்களுக்கு அவருடைய வழக்கமான சராசரி வருமானத்தைக் கொடுக்க நிர்வாகியிடம் ஒப்புதல் வாங்குங்கள். அந்த யோசனையைக் காட்டி இலக்கை உயர்த்தவோ ஆளைக் குறைக்கவோ மாட்டோம் என்ற உறுதியையும் எழுத்தில் பெறுங்கள். இவ்விரண்டும் இல்லாமல் எத்தனை பெட்டி வைத்தாலும் பயனில்லை.

உங்கள் ஊரின் வரலாற்றையும் சற்று நினைத்துப் பாருங்கள். முன்பு மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் மகரந்தச் சேர்க்கையைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. டால்க் மாவு கலந்த மகரந்தத்தைப் பெண் பூங்கொத்துகளில் தூவுவதற்கென்றே தொழிலாளர்கள் மரம் மரமாக நடந்தார்கள். செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே கொண்டுசெல்கிறது என்று துறை வல்லுநர்கள் நம்பிய காலம் அது. கேமரூனில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி, அங்கே பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும், கைச்சேர்க்கை இல்லாமலே காய் நன்றாகப் பிடிப்பதையும் கவனித்தார். அவர் சொன்னதை வல்லுநர்கள் பொருட்படுத்தவில்லை. யூனிலீவரின் தோட்டப் பிரிவில் உயர் பொறுப்புக்கு வந்த பிறகுதான், ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளரைக் கொண்டு அதை ஆராயச் செய்ய அவரால் முடிந்தது. 1981இல் குளுவாங்கில் அந்த வண்டுகள் விடப்பட்டன. கையால் மகரந்தம் தூவும் வேலை விரைவிலேயே தேவையில்லாமல் போயிற்று. துரை ஒருவரின் கண் கண்டதற்கே இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், மரத்தடியில் நிற்கும் தொழிலாளி கண்டதைக் கேட்க யாராவது வேலைக்காட்டுக்கே போனால்தான் உண்டு. அங்கே இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம் முதியவர்களும் சேர்ந்து உழைக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தாளில் எழுதிப் போடுவது இயல்பான காரியம் அன்று. நீங்களே போய்க் கேளுங்கள், நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், முடியாது என்றாலும் மறுநாள் பெரட்டிலேயே காரணத்தோடு பதில் சொல்லுங்கள். பதில் வராத யோசனைக்குப் பின் இன்னொரு யோசனை வராது.

கேட்டதையெல்லாம் உடனே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வண்டுகளையும் பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்த பிறகே விட்டார்கள். குறிப்பாக, குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பில் ஒருவர் ஏதேனும் மாற்றம் செய்ய விரும்பினால், மின்கம்பி செல்லும் பக்கத்தில் அதைத் தொடவே விடாதீர்கள். ஒதுக்குப்புறமான சில வரிசைகளில் முதலில் பாருங்கள்.

பரிசுத்தொகையை ஒருவருக்கு மட்டும் கொடுப்பதைவிட, சேர்ந்து முயன்ற குழுவுக்கே கொடுப்பது நல்லது. தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் யோசனை சொன்னவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவரை முயல அனுமதித்த மண்டோரின் பெயரையும் சேருங்கள். தன் கீழிருப்பவர் நேரே உங்களிடம் பேசினால் தன் மதிப்பு போய்விடும் என்று அஞ்சும் மண்டோர், அந்தப் பேச்சு உங்கள் காதுக்கு எட்டாமலே பார்த்துக்கொள்வார்.