பொதுக்கொள்கைப் படிப்பில் பணிப்பயிற்சியை எங்கே செய்வது: பெயர்பெற்ற ஆய்வு மையத்திலா, சாதாரண அலுவலகத்திலா?

கேள்வி கேட்டவர் பொதுக்கொள்கை முதுநிலைப் படிப்பில் முதலாண்டு மாணவர். பணிப்பயிற்சிக்கு அவருக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று பலரும் அறிந்த ஆய்வு மையம். மற்றொன்று உள்ளாட்சி அலுவலகம் ஒன்றின் குறைதீர்ப்புப் பிரிவு. படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்க எது உதவும் என்று கேட்டிருக்கிறார்.

நான் இரண்டு மாதிரி இடங்களிலும் இருந்திருக்கிறேன், அதே வரிசையில். முதல் தடவை பெயருக்கு மயங்கித்தான் போனேன்.

ஆய்வு மையத்தில் பன்னிரண்டு வாரம் இருந்தேன். அடிக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன், கருத்தரங்குக்கு வருகிறவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்தேன், இரண்டு கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஓர் ஆய்வு முடிய இரண்டு ஆண்டாகும் இடத்தில், மூன்று மாதத்தில் கிளம்பிவிடுகிறவனிடம் எதை நம்பி ஒப்படைப்பார்கள்? சான்றிதழ் அழகாக இருந்தது. அதைப் பார்த்து ஒரு நேர்காணலுக்குக் கூப்பிடவும் செய்தார்கள். "அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "ஆய்வுக் குழுவுக்கு உதவினேன்" என்றேன். எதிரே இருந்தவர் அடுத்தவருடைய விண்ணப்பத்தைப் புரட்டத் தொடங்கினார்.

இரண்டாவது பயிற்சிக்கு வேறு எதுவும் அமையாததால்தான் ஒரு புகார்ப் பிரிவுக்குப் போனேன். தெருவிளக்குப் புகார்களை எக்செல் தாளில் ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். பார்த்தால் எல்லாம் அமோகம்: ஏறக்குறைய எல்லாப் புகாருமே 48 மணி நேரத்துக்குள் 'தீர்க்கப்பட்டது'. தாளைத் தொலைபேசி எண் வாரியாக வரிசைப்படுத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரே எண், ஒரே விளக்குக் கம்பம், நான்கு நாள் இடைவெளியில் மூன்று புகார்கள். மூன்றுமே தீர்க்கப்பட்டவை.

பதிவேட்டைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "தம்பி, 48 மணி நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் திட்டு வாங்குவது நான். விளக்கை மாற்றும் ஆட்கள் என் கையில் இல்லை. மூடுவது மட்டும்தான் என் கையில் இருக்கிறது" என்றார். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கையை முன்வைத்துச் சொன்னதை, அதாவது கட்டுப்படுத்துவதற்காக ஓர் எண்ணைப் பிடித்து நெருக்கினால் அந்த எண் பொருளிழந்துவிடும் என்பதை, பத்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதியிருக்கிறேன். எனக்கு அன்றுதான் அது விளங்கியது.

உற்சாகத்தில் ஆறு பக்க அறிக்கை எழுதினேன். அதைப் படித்த அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இது யார் வேலை என்று மேலே கேட்பார்களா, தம்பி?" எனக்குச் சுருக்கென்றது. என் அறிக்கை அவரைக் குற்றவாளியாக்கியிருந்தது. அவரை அப்படிச் செய்யவைத்த கூட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. திருத்தி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் மேல்மூலையில் பென்சிலால் "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஆறு பக்கம் ஒரு பக்கமானது. இரண்டு யோசனைகள் மட்டும் மிஞ்சின. புகார் கொடுத்தவர் குறுஞ்செய்தியில் உறுதிசெய்த பிறகே புகாரை மூட வேண்டும். ஆய்வுக் கூட்ட அட்டவணையில் 'மறுபுகார்' என்று ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். முதலாவதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை, அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாவது அடுத்த வாரமே நடைமுறைக்கு வந்தது, அதற்குச் செலவே இல்லை என்பதால்.

படிப்பு முடிந்து திட்ட மதிப்பீட்டுப் பணிக்கான நேர்காணலில் அந்த ஒரு நெடுவரிசையைப் பற்றியே கால் மணி நேரம் பேசினேன். வேலை கிடைத்தது. அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

படிப்பையும் பணியையும் மாற்றி மாற்றிச் செய்யும் இந்த முறையை பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கினார். அவர்களுக்குப் பட்டறை எப்படியோ, நமக்குக் கோப்பு அப்படி. ஒரு கோப்பு எந்த மேஜையில் பிறக்கிறது, எங்கே தூங்குகிறது, யார் கையெழுத்தில் உயிர்பெறுகிறது என்று ஒருமுறையாவது கூடவே போய்ப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் இதைக் கற்றுத்தர முடியாது.

எனவே என் வாக்கு குறைதீர்ப்புப் பிரிவுக்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டியவை உண்டு. உங்கள் மூன்று மாதத்தில் அங்கே எடுக்கப்படப்போகும் முடிவு ஏதாவது இருக்கிறதா? பட்ஜெட் தயாராகும் பருவமாக இருந்தால் நல்லது. எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள், மாணவனிடமும் உண்மையான வேலை வந்து விழும். முடிவெல்லாம் எடுத்தாகிவிட்ட மாதங்களில் போனால் புள்ளிவிவரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஊதியம் இல்லாத பயிற்சி என்றால் எனக்குக் கொஞ்சம் கசப்புண்டு. வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே நுழையக்கூடிய வாசல் அது. வேறு வழியில்லாவிட்டால் குறுகிய காலத்துக்கு ஒப்புக்கொள்ளலாம்.

பயிற்சி அப்படியே நிரந்தர வேலையாகிவிடும் என்ற கனவையும் இடம் பார்த்துக் காணுங்கள். கனடாவின் மத்திய அரசில் மாணவராகப் பணிபுரிந்தவரை, படிப்பு முடிந்ததும் பொதுப் போட்டி இல்லாமலே பணியில் அமர்த்த 'பிரிட்ஜிங்' என்று ஒரு வழி இருக்கிறது. நிரந்தரப் பணிக்குத் தேர்வு எழுதித்தான் வர முடியும் என்ற நாடுகளில் பயிற்சி அந்த வரிசையைத் தாண்டவைக்காது. அங்கே அது ஒப்பந்தப் பணிகளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் மதிப்பீட்டு அமைப்புகளுக்கும்தான் சாவி. எந்த நாட்டில் வேலை தேடப்போகிறீர்களோ அந்த நாட்டு விதியை இப்போதே படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன பிறகு வெள்ளிக்கிழமை தோறும் பத்து வரி நாட்குறிப்பு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நேர்காணலில் "அந்த யோசனையை ஏன் கைவிட்டார்கள்?" என்று கேட்கும்போது நினைவு கைவிட்டுவிடும். மாதிரி எழுத்தாகக் காட்ட ஒரு பக்கமாவது வேண்டும். பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு, அதை வெளியில் காட்டலாமா என்று கேட்டு எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அனுமதி இல்லாத தாளைக் காட்டினால், நாளைக்கு எங்கள் தாளையும் இப்படித்தான் காட்டுவாய் என்று எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்வார்.

நிதிப் பிரிவில் ஒருவரையாவது பழக்கம் செய்துகொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் யாருமே இதைச் செய்யவில்லை, நான் உட்பட. குறுஞ்செய்தி யோசனைக்கு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே அவர்களிடம் விசாரித்திருந்தால் அது ஒருவேளை தேறியிருக்கும்.

இன்றைக்கே இரண்டு இடத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: "நான் எழுதும் குறிப்பை முதலில் படிக்கப்போகிறவர் யார்?" பதிலில் ஒரு பதவியின் பெயர் வருகிறதா, அல்லது "எங்கள் குழு" என்று வருகிறதா என்று பாருங்கள். ஆய்வு மையம் தெளிவாகப் பதில் சொல்லி, குறைதீர்ப்புப் பிரிவு மழுப்பினால், நான் மேலே எழுதியதை மறந்துவிட்டு ஆய்வு மையத்துக்கே போங்கள்.