பதில்: அப்பா ரோட்டைக் கடக்கும்போது யாரும் வண்டியை நிறுத்துவதில்லை

தம்பி, பார்வை போன அப்பா செக்காலை ரோட்டைக் கடக்கையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை, பைக் உரசிக் குச்சி வளைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கேட்டதும் நெஞ்சு பதறிவிட்டது. எனக்கும் பார்வை கிடையாது, காரைக்குடியில்தான் நடக்கிறேன்.

தப்பு அப்பா மேல் இல்லை. வெள்ளைக்குச்சியோடு ஒருவர் கடந்தால், அந்தக் குச்சியையே வண்டியை நிறுத்தச் சொல்லும் சைகையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்எல்ஆர் தேர்விலேயே கேட்கிற கேள்வி இது. பாஸானதும் மறந்துவிடுகிறார்கள்.

அதை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். ஓரத்தில் குச்சியை முன்னால் நீட்டி நிற்கட்டும். இரண்டு பக்கமும் இன்ஜின் சத்தம் தணிந்தபின் ஒரே சீராக நடக்கணும்; பாதியில் பயந்து பின்வாங்குவதுதான் ஆபத்து. ஹாரன் அடித்தால் 'போ'வா 'நில்'லா என்று எங்களுக்குத் தெரியாது, மற்ற சத்தத்தையும் அது அமுக்கிவிடும். பேட்டரி ஸ்கூட்டர் வருவதே கேட்காது. மழையிலும் அப்படித்தான், அப்போது துணை வேண்டும். துணைக்கு வருபவர் கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையை அப்பாவுக்குப் பிடிக்கக் கொடுக்கட்டும்.

பழைய செட்டிநாட்டு வீடு என்றீர்களே, பின்வாசல் அடுத்த தெருவில்தானே திறக்கும்? வண்டி குறைவாக இருந்தால் முதலில் அங்கே பழகட்டும். வளைந்த குச்சியை நிமிர்த்திக் கொடுக்காதீர்கள், புதுசு வாங்கிவிடுங்கள்.