நாடகக்காரர்களிடம் "என்ன தொழில்?" என்று கேட்டபோது

நாடக ஆசிரியர்களோடும் நடிகர்களோடும் அவர்களுடைய தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய அனுபவம் யாருக்காவது உண்டா, நாடகத்தை மட்டும் வைத்து ஒருவர் பிழைக்க முடியுமா என்பது கேள்வி. எனக்கு அந்த அனுபவம் இரண்டு தவணைகளில் வாய்த்தது. முதல் தவணை, புதுக்கோட்டைப் பக்கம் என் அப்பா நடத்திவந்த சிறிய அச்சகத்தில், கேள்வி கேட்கத் தெரியாத வயதில். இரண்டாவது, சென்னைக்கு வந்த பிறகு ஒரு சிற்றிதழுக்காக நேர்காணல்கள் எடுத்த பத்து ஆண்டுகளில். முதலாவதில்தான் நான் அதிகம் தெரிந்துகொண்டேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பங்குனி பிறந்துவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் கிடையாது. ஊர் ஊராகத் திருவிழா, ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு நாடகம், ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு நோட்டீஸ். நோட்டீஸில் நாடகத்தின் பெயரைவிட நடிகர்களின் படங்களே முக்கியம். வள்ளி திருமணத்தின் கதை எல்லோருக்கும் தெரியும், வள்ளியாக யார் வருகிறார் என்பதுதான் சேதி. ஒவ்வொரு கலைஞருடைய மார்பளவுப் படமும் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகி, மரக்கட்டையில் அறையப்பட்டு, இழுப்பறைகளில் அடுக்கியிருக்கும். நாயக வேடம் கட்டும் ராஜபார்ட்டுக்கு ஓர் இழுப்பறை, நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட்டுக்கு ஒன்று, கோமாளியான பபூனும் டான்ஸும் ஒன்றில், ஆர்மோனியம் மிருதங்கக்காரர்கள் மற்றொன்றில். ஏஜெண்ட் வந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல, அந்தக் கட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை.

ஒருநாள் தலை முழுக்க நரைத்த ராஜபார்ட் ஒருவர் வந்து, தமது கட்டையை எடுக்கச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புதிதாகப் படம் எடுத்து பிளாக் செய்துகொள்ளலாமே என்று அப்பா சொன்னதற்கு, "இதையே போடுங்க முதலாளி. இதைப் பாத்துத்தான் கூப்புடுவாங்க. வந்த பெறகு பாட்டக் கேட்டுட்டு விட்டுருவாங்க" என்றார். பின்னாளில் நான் படித்த எந்த நாடகக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக அந்தத் தொழிலை விளக்கியதில்லை.

அவர் இருந்தது ஸ்பெஷல் நாடகத்தில். வெளியூர் நண்பர்களுக்காக அதன் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்தும், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்தும், பபூன் காரைக்குடியிலிருந்தும் தனித்தனியே பேசப்பட்டு, அட்வான்ஸ் வாங்கி, அவரவர் பஸ் பிடித்து, இரவு பத்து மணி வாக்கில் ஏதோ ஒரு கிராமத்தின் கொட்டகையில் ஒன்று சேர்வார்கள். சில இரவுகளில் முருகனும் வள்ளியும் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்ப்பதே அங்கேதான். விடிய விடிய நாடகம் நடக்கும். விடிந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

ஒத்திகையே இல்லாமல் எப்படி என்று, பல ஆண்டுகள் கழித்து அதே ராஜபார்ட்டை வீட்டில் போய்ப் பார்த்தபோது கேட்டேன். வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வரும் முருகனுக்கும், தினைப்புனத்தில் நிற்கும் வள்ளிக்கும் நடக்கும் வாக்குவாதத்துக்குத் தர்க்கம் என்று பெயர். அதில் பாதிக்கு மேல் எழுதி வைத்த வசனம் கிடையாது. "மொதக் கேள்விய லேசாத்தான் போடுவேன் தம்பி. அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்லுதுன்னு பாக்க மாட்டேன், எவ்வளவு நேரத்துல சொல்லுதுன்னு பாப்பேன். ஒடனே வந்துச்சுன்னா விடியிற வரைக்கும் தர்க்கம் நிக்கும். தயங்குச்சுன்னா நானே ரெண்டு பாட்டுக் கூடுதலாப் பாடி ஒப்பேத்திருவேன், அதை விட்டுக்கொடுத்தா ரெண்டு பேருக்கும் அடுத்த டேட் கெடைக்காது" என்றார். நான் அவரிடம் கலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

அவரைப் போன்றவர்கள் எல்லோரும் "நாடகத் தொழில்ல இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். இந்த 'தொழில்' என்ற சொல்லைத்தான் உங்கள் கேள்விக்கான விடையின் நடுவில் வைக்க விரும்புகிறேன். ஏனென்றால் சென்னையில் நான் பேட்டி கண்ட நவீன நாடகக்காரர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைத் தம்மைக் குறித்துப் பயன்படுத்தியதில்லை. "நாடகம் செய்கிறேன்" என்பார்கள், "நாடகச் செயல்பாடு" என்பார்கள். ஒருவர், நான் வாய் தவறிச் சொன்னபோது, "தொழில்னு போட்டுடாதீங்க சார், தொழில்னா அது சோறு போடணும்" என்று சிரித்துக்கொண்டே திருத்தினார்.

இந்தப் பிளவு இன்று நேற்று வந்ததில்லை. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த சங்கரதாஸ் சுவாமிகள், இருபத்து நான்கு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்தையே தொழிலாக ஏற்றார். ஏறத்தாழ அதே காலத்தில், 1891இல், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதுவரை தமிழ் நாடகத்தின் மீது தமக்கு வெறுப்பே இருந்தது என்றும், பல்லாரியிலிருந்து வந்த, படித்தவர்கள் நடித்த குழு ஒன்றின் நாடகத்தைப் பார்த்த பிறகே மனம் மாறியது என்றும் அவரே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. சபையில் அவரோடு நடித்தவர்களும் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள். கூத்தாடி என்ற ஏச்சு அவர்கள் மீது ஒட்டாமல் போனதற்கு அவர்கள் நடிப்பின் உயர்வு ஒரு காரணம் என்றால், மறுநாள் காலையில் அவர்களுக்குக் கோர்ட்டு இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். நாடகத்தால் சாப்பிடாதவருக்கு மரியாதை கிடைத்தது. சாப்பிட்டவருக்கு அது கிடைக்கவில்லை.

தொழிலாகச் செய்தவர்களின் அன்றாடம் எப்படி இருந்தது என்று அறிய, அவ்வை தி.க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைத் தேடிப் படியுங்கள். 1918இல் மதுரையில் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு நடந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர் அவர். அங்கே நாடக ஆசிரியருக்குப் பெயரே வாத்தியார்தான். எழுதுவது, பாட்டுக்கு மெட்டமைப்பது, பையன்களுக்குப் பாடம் சொல்லி உருப்போட வைப்பது எல்லாம் ஒரே ஆளின் வேலை. சண்முகத்துக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை மேதைமைக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கம்பெனியின் வாத்தியாருக்கு இரவில்தான் நேரம் கிடைத்திருக்கும் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை. 1921இல் பக்கவாதம் வந்து பேச்சு நின்று, மறு ஆண்டு புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார்.

இப்படிச் சிறுவர்களையே நடிக்க வைத்த பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போது வயதானவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பருவ வயதில் பையனுக்குக் குரல் உடைவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாக ஊரையே கிறங்கடித்தவன், அந்த ஒரு மாதத்தில் திரை இழுப்பவனாகிவிடுவான். உழைப்பாளியின் உடம்பே முதலீடு என்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுதான் என்றாலும், பதினான்கு வயதில் ஓய்வு பெறும் தொழில் வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

நவீன நாடகத்துக்கு வருகிறேன். அதிலும் நாடகத்தை முழு நேர வேலையாக்கிப் பார்த்த முயற்சி இருந்தது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவி கிடைத்த காலத்தில், நடிகர்களுக்கு மாத ஊதியம் கொடுத்து அன்றாடம் பயிற்சி நடத்தியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்களே. விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக இருந்தவர். கணக்கு எழுதுகிறவர்களுக்கும் தமிழ் நாடகத்துக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் இருக்கிறது போலும். வெளியிலிருந்து வரும் நிதி நின்றால் ஊதியமும் நிற்கும், நடிகர்கள் சினிமாவுக்குப் போவார்கள், குழு மறுபடி புதிய பையன்களோடு முதல் பாடத்திலிருந்து தொடங்கும். நான் பேசிய இயக்குநர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இதையே சொன்னார்கள்.

மற்றவர்கள் பத்திரிகையிலோ வங்கியிலோ கல்லூரியிலோ சம்பாதித்து நாடகத்தில் செலவழித்தார்கள். 1978இல் பரீக்ஷா குழுவைத் தொடங்கிய ஞாநி கடைசிவரை பத்திரிகையாளர். இவர்களுடைய வேலை நாளில் நமக்குத் தெரியாத ஒரு பகுதி காவல் துறையோடு கழிந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து 1954இல் கொண்டுவரப்பட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் பெயரால், அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடகக்காரர்கள் எழுத்துப் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருந்தார்கள். ஞாநி தொடுத்த வழக்கில்தான் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது.

நேர்காணல் எடுப்பதில் எனக்கு முன்மாதிரி, கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த சுபமங்களா. 1991 முதல் 1995இல் மறையும் வரை அந்த இதழில் அவர் வெளியிட்ட நீண்ட நேர்காணல்களைப் படித்துத்தான் நான் டேப் ரெக்கார்டர் வாங்கினேன். முன்மாதிரி நன்றாக இருந்தும், நான் கேட்ட கேள்விகள் மோசமாக இருந்தன. "கலைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று ஒரு மூத்த நாடக ஆசிரியரிடம் கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ஏற்கெனவே பல மேடைகளில் சொல்லிப் பழகிய பதிலைச் சொன்னார். ஒலிநாடா முடிந்து சொடுக்கென்று நின்றதும் முகம் மலர்ந்து, பேசத் தொடங்கினார். தம் நாடகத்தைப் போட அனுமதி கேட்கும் கடிதம் நாடகம் முடிந்த பிறகே வரும் என்றும், பல சமயம் அதுவும் வராமல் அழைப்பிதழ் மட்டும் வரும் என்றும், போனால் பொன்னாடை போர்த்துவார்கள் என்றும், முப்பது ஆண்டுகளில் எழுத்துக்கென்று கையில் வாங்கிய பணத்தைவிட ஒத்திகைக்கு வந்த பையன்களுக்கு வாங்கிக் கொடுத்த டீ, பரோட்டாவின் செலவு அதிகம் என்றும் சொன்னார். அவர் மனைவி உள்ளே இருந்தபடியே, "டெம்போ வாடகைய விட்டுட்டீங்களே" என்றார். அச்சில் வந்தது விட்டத்தைப் பார்த்துச் சொன்ன பதில். அந்த நேர்காணலை இப்போது எடுத்துப் படிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பெண் கலைஞர்களிடம் பேசியது குறைவு; அந்தக் குறை என்னுடையது. பேசிய ஒரு ஸ்திரீபார்ட் அம்மாள், தம் வேலையில் சிரமமானது எட்டு மணி நேர நாடகம் இல்லை, அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரம்தான் என்றார். விடியற்காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அரிதாரத்தின் சுவடு காதோரத்தில்கூட இருக்கக் கூடாது, புடவை சாதாரணமாக இருக்க வேண்டும், நடிகர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. நாடக உடுப்புகளைப் பெட்டியில் வைக்காமல் காய்கறி வாங்கும் கட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வாராம். "பொட்டிய வச்சிருந்தா நாடகக்காரின்னு தெரிஞ்சிரும், தம்பி. பையி வச்சிருந்தா யாரோ ஆத்தா சந்தைக்குப் போறான்னு நெனைப்பாங்க."

பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பங்குனி முதல் ஆடி வரை பிழைக்கலாம். மீதி மாதங்களுக்குக் கடன், பெயிண்ட் வேலை, தையல், சமையல் என்று ஏதாவது வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அந்தப் பருவம் முழுவதும் போனது. மறு ஆண்டும் அதே மாதங்களில் போனது. நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாத உதவித் தொகை 3,000 ரூபாய், அதுவும் வயதானவர்களுக்கு. நவீன நாடகத்தில் பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் பிழைக்கிறார்கள். நாடகம் போடுவதால் யாரும் பிழைப்பதாக நான் கேள்விப்படவில்லை.

நீங்களே போய்ப் பேசுவதாக இருந்தால், பங்குனி, சித்திரையில் போகாதீர்கள், அவர்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது. மார்கழியில் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், சாப்பிடச் சொல்வார்கள், அப்போதுதான் பேச்சு நடக்கும். கருத்தைக் கேட்காமல் டைரியைக் காட்டச் சொல்லுங்கள். டேட் குறிக்கும் அந்த டைரியை எல்லோரும் வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து ராஜபார்ட் இன்னொருவர் 2020ஆம் ஆண்டு டைரியையும் எடுத்துக் காட்டினார். பங்குனிப் பக்கங்களில் ஊர்ப் பெயரும் வாங்கிய அட்வான்ஸும் வரிசையாக எழுதியிருந்தன. ஒவ்வொன்றின் மீதும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு, பக்கத்தில் "திருப்பிக் கொடுத்தது" என்று தேதியோடு ஒரு குறிப்பு. இரண்டு ஊர்களுக்கு மட்டும் அந்தக் குறிப்பு இல்லை. கேட்டதற்கு, "அவங்க வேணாம்னுட்டாங்க" என்றார்.