எத்தனை யூனிட் பேட்டரி வாங்கலாம்?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் இரட்டை மாடி வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். 2022இல் நெம் ராக்யாட் திட்டத்தின் கீழ் 4 கிலோவாட் சூரியசக்தித் தகடுகளைக் கூரையில் பொருத்தினோம். மாதம் ஏறத்தாழ 450 யூனிட் மின்சாரம் பயன்படுத்துவதால், 15 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவுள்ள பேட்டரி வேண்டும் என்கிறார் விற்பனையாளர். மாமியார் இரவில் ஆக்சிஜன் கருவியின் உதவியுடன் உறங்குவதால், மின்தடையை எண்ணித்தான் கேட்கிறோம். அவ்வளவு பெரியது தேவையா?
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம், மலேசியா

பதில்: தேவையில்லை. விற்பனையாளர் 450ஐ 30ஆல் வகுத்திருக்கிறார். வெளி மின்சாரமே எட்டாத ஒரு தோட்டத்து வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒரு தொடக்கமாக இருக்கலாம். தெனாகா நேஷனல் மின் நிறுவனத்தின் இணைப்பு உள்ள உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

உங்கள் திட்டத்தில், பகலில் மிஞ்சி வெளியே செல்லும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஈடாக ஒரு யூனிட் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு 10 ஆண்டுகளுக்கு உண்டு என்பதால், அது முடியும்வரை பேட்டரியால் கட்டணம் குறையாது. சேமித்து எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் வீணாவதால், சிறிது நட்டமே ஏற்படும். (2026 முதல் சோலார் அதாப் என்ற புதிய திட்டத்தில் சேருவோருக்கு மீதம் அடுத்த மாதத்துக்குச் செல்லாது; அவர்களுடைய கணக்கு வேறு.) ஆகவே, மின்தடையின்போது எவை ஓட வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதை மட்டும் வைத்தே நீங்கள் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பயன்படுத்தும் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கருவி சுமார் 350 வாட் இழுக்கும்; அதற்கு 2.1 யூனிட். குளிர்பதனப் பெட்டிக்கு 0.4, இரண்டு மின்விசிறிகளுக்கு 0.8, விளக்குகளுக்கும் வைஃபைக்கும் 0.3 எனச் சேர்த்தால் மொத்தம் 3.6 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 90 விழுக்காட்டைத்தான் பயன்படுத்துவது நல்லது. அந்த மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரிலும் சிறிது இழப்பு உண்டு. இவற்றையும் கணக்கில் எடுத்தால் 4.5 யூனிட் வரை வரும் என்பதால், சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 5 யூனிட் பேட்டரி போதும். மாமியாரின் அறையில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோனும் அந்த ஆறு மணி நேரமும் ஓட வேண்டுமானால் இன்னும் ஏறத்தாழ 3 யூனிட் கூடும். அப்போது 10 யூனிட்டுக்குப் போகலாம். அதற்கு மேல் செலவிட எனக்குக் காரணம் தெரியவில்லை.

கொள்ளளவைக் காட்டிலும் பலர் ஏமாறும் இடம் வேறு. சூரியசக்தித் தகடுகளுடன் பொருத்தப்படும் சாதாரண இன்வெர்ட்டர், மின்கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக, மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். நண்பகல் வெயிலில்கூட உங்கள் தகடுகள் வீட்டுக்கு உதவா. எனவே மின்தடையிலும் இயங்கும் வசதி கொண்ட இன்வெர்ட்டரும், முக்கியமான இணைப்புகளை மட்டும் பிரித்து வைத்த தனி மின்பெட்டியும் விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 3.6 கிலோவாட் குளியலறை வாட்டர் ஹீட்டரை அந்தத் தனி இணைப்பில் சேர்க்கவே கூடாது. பேட்டரியில் மின்சாரம் நிறைந்திருந்தாலும், ஒரே நேரத்தில் அவ்வளவு சக்தியைச் சிறிய பேட்டரியால் வழங்க இயலாது.

பேட்டரியை அன்றாடப் பயன்பாட்டுக்கும் விட்டுவிட்டால், மின்சாரம் நிற்கும் இரவில் அது காலியாகக் கிடக்கக்கூடும். ஆகையால், மின்தடைக்கென முழுக் கொள்ளளவையும் ஒதுக்கி வைக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். பிற்பகல் வெயில் படும் சுவரைத் தவிர்த்து, காற்றோட்டமான நிழலில் பொருத்துங்கள். ஆக்சிஜன் கருவி உள்ள வீட்டில், பேட்டரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நிரப்பிய ஒரு சிலிண்டர் கைவசம் இருப்பது அவசியம். எந்த அளவு என்பதை மாமியாரின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.