மூக்குத் துவாரத்தைச் சிறிதாக்கும் ஆபரேஷன்: பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்டவை

டாக்டர், என் மூக்கு கீழே ரொம்ப அகலம். இதில் அப்படி என்னதான் வெட்டுவீர்கள்? (ரேவதி, திருச்சி)

உங்களை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி, மூக்கைக் கீழிருந்து பார்ப்பதுதான் முதல் வேலை. சிலருக்குத் துவாரம் அளவாகவே இருக்கும், மூக்கு மடல் மட்டும் வெளிப்பக்கம் புடைத்திருக்கும். அவர்களுக்கு, மடல் கன்னத்தைத் தொடும் மடிப்பை ஒட்டிப் பிறை வடிவில் கொஞ்சம் சதை எடுப்போம். 1892-இல் நியூயார்க் சர்ஜன் ராபர்ட் வியர் எழுதி வைத்த முறையின் வழி வந்ததுதான் இது. சிலருக்கு மடல் சரி, துவாரம்தான் பெரிது. அவர்களுக்குத் துவாரத்தின் அடித்தளத்தில், உதட்டுக்கு மேலே இருக்கும் வாசற்படி போன்ற இடத்தில் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் வெட்டும் இரண்டு இடத்திலும் போகும்.

எடுப்பது பெரும்பாலும் பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அதனால் மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே, உட்கார வைத்து, அளந்து, மெல்லிய பேனாவால் கோடு போட்டுவிடுவேன். ஊசி மருந்து போனதும் சதை உப்பிவிடும், அப்புறம் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

கண்களின் உள்மூலைகளுக்கு இடையே உள்ள அகலமே மூக்கின் அகலம் என்று இணையத்தில் ஒரு கணக்கு சுற்றுகிறது. ஐரோப்பிய முகங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஊரில் லட்சணமான எத்தனையோ முகங்களில் மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. அதற்காக மட்டும் யாரும் கத்தியிடம் வர வேண்டாம்.

வெட்டாமல் உள்ளே தையல் போட்டு இழுத்துக் கட்டலாமாமே, சார்? (கார்த்திக், கோவை)

செய்யலாம். ஆனால் நாளாக ஆகத் தையல் தளர்ந்து பழைய அகலம் திரும்பக்கூடும். வெட்டும்போது துணையாகப் போடுவதே எனக்குப் பிடித்தது.

மூக்குத்தி குத்திய இடத்தில் ஒருமுறை கட்டி வந்தது. எனக்குத் தழும்பு தடித்துவிடுமா, டாக்டர்? (செல்வி, மதுரை)

நல்ல வேளை கேட்டீர்கள், அம்மா. மூக்குத்தி ஓட்டையில் வரும் சின்னக் கட்டி எல்லாமே கீலாய்டு என்ற தடித்து வளரும் தழும்பு கிடையாது. பல நேரம் உரசலாலும் கிருமியாலும் வருவதுதான். காது மடல், நெஞ்சு, தோள்பட்டை ஆகிய இடங்களில் பழைய காயம் அதன் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த ஆபரேஷனை யோசித்தே ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் மூக்குத்தியைக் கழற்றிவிட வேண்டும், காயம் நன்றாக ஆறி சர்ஜன் சொன்ன பிறகுதான் திரும்பப் போடலாம்.

இரண்டு மாதத்தில் கல்யாணம். அதற்குள் ஆறிவிடுமா, டாக்டர்? (பெயர் வேண்டாம், சென்னை)

இதை மட்டும் தனியாகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். முதல் சில நாள் வீக்கம் இருக்கும், சிரித்தால் இழுக்கும். தலையை உயர்த்திப் படுங்கள், மூக்கைச் சிந்தாதீர்கள், தையலில் பக்கு கட்டாதபடி களிம்பு தடவுங்கள். 5 முதல் 7 நாளில் தையல் பிரிப்போம். இரண்டு வாரத்தில் வெளியே போகும் அளவுக்கு வீக்கம் வடிந்துவிடும்.

ஆனால் தழும்பின் கதை வேறு. முதல் சில மாதங்கள் அது சிவந்தோ கருத்தோ தெரியும், மங்க 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். நம் தோல் வெயிலில் சட்டென்று கருக்கும், எனவே சன்ஸ்கிரீன் கட்டாயம். கல்யாண போட்டோவுக்காக என்றால் நான் இப்போது செய்ய மாட்டேன். கல்யாணம் முடியட்டும், நிதானமாக வாருங்கள்.

மூக்கு நுனியையும் சரி செய்ய வேண்டும். எது முதலில்? (இம்ரான், வேலூர்)

நுனி முதலில். நுனியைத் தாழ்த்தினால் மடல் விரியும், உயர்த்தினால் ஒடுங்கும். அகலம் மிச்சமிருந்தால் மட்டும் கடைசியில் மடலைத் தொடுவோம்.

அதிகமாக எடுத்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியுமா? (அதே இம்ரான்)

காதிலிருந்து தோலும் குருத்தெலும்பும் சேர்த்து எடுத்து வைக்கலாம். ஆனால் நிறமும் வளைவும் பழையபடி பொருந்துவது அரிது. துவாரம் சுருங்கினால் மூச்சும் தடைப்படும். அதனால்தான் குறைவாக எடுங்கள் என்கிறேன், போதாவிட்டால் பிறகு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச் அல்லது டி.என்.பி (இப்போது டிஆர்.என்.பி) பட்டம் முடித்தவரா என்றும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சிகரெட்டை எப்போது நிறுத்த வேண்டும், சார்? (பாலா, சேலம்)

குறைந்தது 4 வாரம் முன்னாலேயே நிறுத்துங்கள், தம்பி. ஆறும்வரை தொடவும் கூடாது. நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தையல் ஓரத்தைக் கெடுக்கும்.