குரங்கு, குளவி, சுருட்டுப்புழு: மலைநாட்டு உயிர்கள் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குரங்கைப் பற்றித்தான். அவற்றை நடுவில் சேர்த்து வைத்திருக்கிறேன். மருந்தின் அளவு, நட்டஈட்டு விண்ணப்பம் இதெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். எந்த உயிர் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது, அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: சேர், ஜே வளைவு, எஸ் வளைவு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தங்கச்சி, ஓர் உயிரின் எண்ணிக்கை காலத்தோடு மாறுவதை வரைபடமாகக் கீறினால் வரும் வடிவங்கள்தான் இவை. உணவும் இடமும் தாராளமாக இருக்கும்வரை கூட்டம் பெருகிக்கொண்டே போகும். அது ஜே. தட்டுப்பாடு வந்ததும் பிறப்பு குறையும், சாவு கூடும், எண்ணிக்கை ஓர் அளவில் நிற்கும். அது எஸ், அந்த அளவுக்குப் பெயர் தாங்குதிறன். 1838இல் பெல்ஜியத்தின் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் இதைச் சமன்பாடாக எழுதினார். பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: கூட்டம் மிக வேகமாகக் கூடுவது தாங்குதிறனின் பாதியில் நிற்கும்போதுதான். குரங்குக்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புசல்லாவை, தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்: வண்டுக்கு மருந்து அடித்த மலையிலேயே இலை சுருட்டும் புழு வந்து நிற்கிறது. கலப்பட மருந்தா?

கலப்படம் இல்லாத மருந்தும் இதைச் செய்யும், ஐயா. இலங்கைத் தேயிலையில் இது ஏற்கெனவே நடந்த கதை.

சுருட்டுப்புழு ஒரு காலத்தில் இங்கே பெரிய தலைவலி. 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ஆளைக் கொட்டாது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். புழு அடங்கியது, ஆனால் அழியவில்லை. கொஞ்சம் புழு இருந்தால்தான் குளவிக்குப் பிழைப்பு, குளவி இருந்தால்தான் புழு அடங்கும். அப்படியே இரண்டும் தாழ்ந்த எண்ணிக்கையில் ஓடிக்கொண்டிருந்தன.

அப்புறம் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து வந்தது. அந்த வண்டு கொத்தமல்லி விதையைவிடச் சிறியது. தண்டுக்குள் பென்சில் முனை அளவு துளை போட்டு, உள்ளே பூஞ்சணம் வளர்த்துத் தின்னும். துளை விழுந்த கொப்பு கைபட்டாலே முறியும். அதைக் கொல்லத்தான் 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் டீல்ட்ரின் அடித்தார்கள். மருந்து குளவியையும் கொன்றது. சுருட்டிய இலைக்குள் ஒளிந்திருந்த புழு தப்பியது. குளவியின் தொல்லை இல்லாததால் புழு பெருக்கெடுத்தது.

அதனால் எப்போதும் சொல்வதை மறுபடி சொல்கிறேன்: ஒன்றைக் கொல்லுமுன், அது எதைக் கொன்றுகொண்டிருந்தது, அதை எது கொன்றுகொண்டிருந்தது என்று பாருங்கள்.

ஹட்டன், கொழுந்து எடுக்கும் அக்கா: இந்த வருடம் குளவி கூடிப்போச்சு. மலைக்குப் போகவே பயமாக இருக்கு.

நீங்கள் குளவி என்று சொல்வது பெரும்பாலும் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் தொங்கும் பெரிய மலைத்தேனீ. பருவத்துக்குப் பருவம் பூவைத் தேடிக் கூட்டத்தோடு இடம் மாறும். கூடு திடீரென்று கண்ணில் பட்டால், பிறந்து பெருகியது என்றில்லை, வேறு இடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கூடு இருக்கும் மலையில் வேலை கொடுக்க வேண்டாம் என்று கங்காணியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள் அக்கா. யாரும் கல்லெறியக் கூடாது.

பண்டாரவளை, மரக்கறித் தோட்டக்காரர்: குரங்கில் பாதியைப் பிடித்துக் கொண்டுபோனால் தீராதா?

மாணவிக்குச் சொன்னதைப் பாருங்கள். குரங்கு தாங்குதிறன் அளவுக்கு நிறைந்திருக்கும் இடத்தில் பாதியை எடுத்தால், மிச்சத்தை மிக வேகமாகப் பெருகும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். சாப்பாடு அப்படியே கிடக்கிறதே.

அதே ஆள்: 2025 மார்ச் 15இல் நாடு முழுக்கக் குரங்கை எண்ணினார்களே, அது எதற்கு?

காலை 8 மணியிலிருந்து 8.05 வரை எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணியதில் ஒரு நியாயம் உண்டு: ஒரு கூட்டம் ஊர் மாறிப் போய் இரண்டு தடவை கணக்கில் வராது. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர் இருவர் ஒரே கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள், காட்டுக்குள் இருந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதோடு, ஒரு தடவை எண்ணினால் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியாது.

பதுளை: சேருக்குத் தோட்டம் இல்லை. அதுதான் குரங்குக்கு வக்காலத்து.

சரி, கணக்கை மட்டும் பேசுவோம். பொலன்னறுவையில் வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் இந்தக் குரங்குகளைப் பார்த்துவந்தார். அவர் 1970களில் எழுதிய கணக்கில், பெண் குட்டிகளில் சுமார் 85 சதவீதமும் ஆணில் 90 சதவீதமும் வளர்ந்த பருவத்துக்கு வருமுன்னே செத்துப்போயின. பெரும்பாடு சாப்பாட்டுக்குத்தான். இப்போது நம் டவுன்களின் குப்பைமேடு அன்னதான மடம் மாதிரி திறந்தே கிடக்கிறது. சாக வேண்டிய குட்டி சாகாது. நீங்கள் பார்க்கும் கூட்டத்தை வளர்ப்பதில் அந்தச் சோற்றுக்குப் பெரிய பங்கு.

பதுளை: அப்படியென்றால் ஆண்களை மட்டும் பிடிப்போமே?

பிறப்பு நிற்காது. சில ஆண் போதும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், வளர்ந்த ஆண்கள்தான் கூட்டம் மாறும். காலியான இடத்துக்கு வெளியிலிருந்து ஆண் வரும். பிடித்ததை வேறு ஊரில் விட்டால் அந்த ஊர்க்காரர் எனக்கு எழுதுவார். எழுதியும் இருக்கிறார், அடுத்த கேள்வி அவருடையதுதான்.

வெலிமடை: எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எப்படி விரட்டுவது?

மேலே வாசியுங்கள்.

ராகலை: குரங்கு பிரச்சினைக்கு என்ன வழி?

குப்பையை மூடுங்கள். மேலே வாசியுங்கள்.

நானுஓயா: கோவாவில் புழு. போன வருட மருந்து இப்போது பிடிக்கவில்லை.

அந்த மருந்துக்குத் தப்பியவற்றின் பிள்ளைகள்தான் இவை. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். மிச்சத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

மஸ்கெலியா: பன்றிக்குக் கம்பி கட்டலாமா?

கூடாது, தம்பி. கம்பிச் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை செத்துப்போனது. பன்றிக்குட்டி தின்னும் மிருகத்தைக் கொன்றுவிட்டு, பன்றி கூடிவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள். புசல்லாவைக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கொட்டகலை, ஆசிரியை: பிள்ளைகளின் செயல்திட்டத்துக்கு எதை எண்ணலாம்? குரங்கா?

வேண்டாம் டீச்சர். பாடசாலைத் தோட்டத்து நத்தையை எண்ணச் சொல்லுங்கள். 40 பிடித்து, ஓட்டில் நகப்பூச்சால் சின்னப் பொட்டு வைத்து விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து 50 பிடியுங்கள். அதில் 10இல் பொட்டு இருந்தால், 40ஐ 50ஆல் பெருக்கி 10ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 200. பொட்டு அழியக் கூடாது, இடையில் நத்தை வெளியிலிருந்து வரவோ போகவோ கூடாது. அது ஏன் என்பதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மழை விட்ட மாலையில் நத்தை நன்றாக வெளியே வரும். அட்டையும் வரும், காலுக்குச் சவர்க்காரம் தடவி அனுப்புங்கள்.